மூன்றாம் சரணத்தில் முழுத்திரை

அத்தியாயம் 9

போன ஞாயிறு மேட்டு சர்ச்சில் நடந்ததை உங்களில் யாராவது மறந்திருக்கலாம். ப்ராஸ்கோவியா மறக்கவில்லை. ஆறு நாளாக அவர் பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆராதனை நடுவே சபையே ஜெபத்தில் இருந்தது. பெஞ்சின்மேல் அவர் வைத்திருந்த போன் திடீரென்று முழித்துக்கொண்டது. திரை முழுக்க ஒரு கால்பந்து பாய்ந்து வந்தது. "பந்தயம் கட்டு, இன்னைக்கே ஜெயி" என்று ஒரு ஆண்குரல் கூவியது. அவர் போன் மட்டும் என்றால் அணைத்துத் தொலைத்திருக்கலாம். அதே பாட்டுப் புத்தக ஆப்பை வைத்திருந்த முப்பது நாற்பது போன்கள், கொஞ்சம் முன்னே பின்னே, அதையே கூவின.

ப்ராஸ்கோவியா அந்தச் சபையின் பாடகர் குழுத் தலைவி. ஆப்பைச் செய்தது அவர் மகள் நபோசா. விளம்பரம் பிடித்துவந்தது மகன் லுபோவா. முகோனோ ஊரில் இது தெரியாத ஆள் கிடையாது.

அன்று மத்தியானமே நபோசா ஆப்பில் எல்லா விளம்பரத்தையும் நிறுத்திவிட்டாள். அதோடு வருமானமும் நின்றது.

இந்த நேரம் பார்த்து பேங்க்கிலிருந்து அந்தக் கடிதம். ஒன்பது வருஷம் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்து, எட்டு மாதத்துக்கு முன்னால் அவள் விட்டுவந்த அதே பேங்க். திரும்ப எடுத்துக்கொள்கிறோம், மொரோட்டோ கிளையில் இடம் இருக்கிறது, திங்கள் காலை ஒன்பது மணிக்குள் பதில் சொல் என்று எழுதியிருந்தார்கள். மொரோட்டோ என்றால் ஒரு பகல் முழுக்கப் பஸ். வீட்டை விட்டு, இந்த ஆப்பை விட்டு, எல்லாவற்றையும் விட்டுப் போக வேண்டும்.

போகாமலிருக்க ஒரே வழிதான் இருந்தது. முழுத்திரை விளம்பரத்துக்கு ஒரு நல்ல நெட்வொர்க், அதாவது விளம்பரங்களைப் பிடித்து ஆப்புக்குள் அனுப்பிக் காசு தருகிற கம்பெனி, கிடைக்க வேண்டும். சர்ச்சில் மானத்தை வாங்காத நெட்வொர்க்காக, அதே சமயம் சோறு போடுகிற நெட்வொர்க்காக இருக்க வேண்டும். சனிக்கிழமை விடிந்தபோது நபோசாவுக்கு இருந்தது இரண்டு நாள்.

*

சாப்பாட்டு மேசையில் மூன்று போன்கள் வரிசையாகக் கிடந்தன. மூன்றும் ஊரில் ஜனங்கள் வைத்திருக்கிற மலிவு போன்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நெட்வொர்க்கைப் போட்டு, நான்கு நாளாக அவள் ஆப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். நூறு தடவை கேட்டால் எத்தனை தடவை விளம்பரம் வருகிறது, என்ன விளம்பரம், சத்தம் உண்டா, மூடுகிற பெருக்கல் குறி எத்தனை விநாடியில் தெரிகிறது, எவ்வளவு டேட்டா தின்கிறது. எல்லாம் நோட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

ப்ராஸ்கோவியா சமையலறையிலிருந்து வந்தார். இரண்டு தட்டு கட்டோகோவை மேசையில் வைத்தார். வாழைக்காயிலும் குடலிலும் ஆவி பறந்தது. யாரையும் பார்க்காமல் திரும்பிப் போனார்.

"சோறு மட்டும் பேசுது," என்றான் லுபோவா.

"சத்தமாப் பேசாதடா. காதுல விழும்."

"விழட்டும். திட்டுறதுக்காவது வாயைத் தொறப்பாங்க." அவன் ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு நோட்டை எட்டிப் பார்த்தான். "சரி, யாரு ஜெயிச்சா? குவிக்ஃபில்தானே?"

லுபோவாவுக்கு இருபத்தேழு வயது. தலைநகர் கம்பாலாவில் போன் உறையும் சார்ஜரும் விற்றுக்கொண்டிருந்தவன். வாயால் எதையும் விற்றுவிடுவான், அதனால்தான் விளம்பர வேலையை அவனிடம் கொடுத்திருந்தாள். குவிக்ஃபில் அவன் கொண்டுவந்த நெட்வொர்க். பந்தயக்காரனைச் சர்ச்சுக்குள் விட்டதும் அதுதான்.

"நூத்துக்கு தொண்ணூத்திரெண்டு தடவை விளம்பரம் வருது," என்றாள் நபோசா.

"பாத்தியா?"

"அதுல எண்பத்தொண்ணு பந்தயமும் கைக்கடனும். ரெண்டு வகையையும் தடுத்துட்டுப் போட்டுப் பார்த்தேன். நூத்துக்குப் பதினொண்ணு."

"அக்கா, இந்த ஊருல விளம்பரத்துக்குக் காசு குடுக்குறவனே ரெண்டு பேருதான். ஒருத்தன் பந்தயக்காரன், ஒருத்தன் கடன் குடுக்குறவன். ரெண்டு பேரையும் வாசல்ல நிறுத்திட்டு வேற யாருக்காகக் காத்திருக்கப் போற?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"பெருக்கல் குறி பதினஞ்சு செகண்டுக்கு அப்புறம்தான் வருது," என்றாள். "அதுவும் கடுகு மாதிரி. அம்மா கண்ணாடி போட்டாலும் தெரியாது. ஜெபம் நடக்கிறப்ப நாம கேக்காமலே தானா குதிச்சு வந்திருக்கு. இதை எப்படிடா நம்புறது?"

லுபோவா இன்னொரு கரண்டி அள்ளினான். ஆறு நாளாக அக்காவிடமிருந்து இதே வார்த்தையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். உன் நெட்வொர்க், உன் பந்தயக்காரன், உன்னால் வந்த வினை.

"பெரிய கம்பெனி எப்படி?" என்று பேச்சை மாற்றினான். உலகத்துக்கே தெரிந்த அந்தக் கம்பெனிக்கு இவர்கள் வீட்டில் பெயர் சொல்வதில்லை.

"ஒழுங்கா இருக்கு. எந்த வகை வேண்டாம்னு சொன்னாலும் கேட்டுக்குது. அஞ்சு செகண்டுல மூடிடலாம். ஆனா நம்ம ஊருக்கு நூத்துக்கு முப்பத்தெட்டுதான் வருது. இங்க விளம்பரம் போட அவங்ககிட்ட ஆளில்ல."

"மூணாவது அந்த நைரோபிக்காரங்களா?"

"ஜிராணி. படம் மட்டும்தான், வீடியோ இல்ல, சத்தம் இல்ல. வெதை, சோலார் விளக்கு, பள்ளிக்கூடம், தண்ணித் தொட்டி. நூத்துக்கு முப்பது. டேட்டா கிட்டத்தட்ட தின்கவே இல்ல."

"ஆயிரம் பேர் பார்த்தா என்ன தருவான்?"

"குவிக்ஃபில் தர்றதுல பாதி."

லுபோவா சிரித்தான். "தண்ணித் தொட்டியை வெச்சுக்கிட்டு மொரோட்டோ பஸ்ஸை நிறுத்திடுவ."

நபோசா நோட்டைத் திருப்பினாள். நேற்று இரவு படுத்தபிறகு தோன்றியதை அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தாள்.

"ஒரே நெட்வொர்க்தான் வேணும்னு யாரு சொன்னா? ரெண்டையும் வரிசையா நிறுத்தலாம்டா. முதல்ல ஜிராணியைக் கேக்குறது. அவன்கிட்ட இல்லைன்னா பெரிய கம்பெனியைக் கேக்குறது. நூத்துக்கு அறுபது கிட்ட வந்துடும். பந்தயம் கிடையாது, கடன் கிடையாது. மூச்சுவிட முடியும்."

தம்பி சந்தோஷப்படுவான் என்று நினைத்தாள். அவன் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டான்.

"ஒருத்தனோட மட்டும் இருந்தாத்தான் அவன் நம்மள மதிப்பான்," என்றான். "ரெண்டு மூணு பேர்கிட்டப் போனா எவனும் மதிக்க மாட்டான். குவிக்ஃபில்லையே வெச்சுக்கோ அக்கா. சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கேக்கலாம். ஆனா இன்னைக்கே முடிவு பண்ணு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை."

"நாளைக்கு ஞாயிறுன்னா என்ன? ஏன்டா இவ்வளவு அவசரம்?"

"சும்மாதான்," என்றான் லுபோவா. அவன் சும்மாதான் என்று சொல்கிற எதுவும் சும்மா இருந்ததில்லை. ஆனால் நபோசாவின் கவனம் அப்போது நோட்டில் இருந்தது.

அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. மேசையில் போட்டுப் பார்ப்பது வேறு, பாடுகிறவர்கள் கையில் போட்டுப் பார்ப்பது வேறு. சனிக்கிழமை மூன்று மணிக்குப் பாடகர் குழுப் பயிற்சி. மூன்று போனையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். ப்ராஸ்கோவியா அவளுக்கு முன்னாலேயே போயிருந்தார், வழக்கம்போல யாரிடமும் சொல்லாமல்.

*

நபோசா அந்தச் சர்ச்சுக்குள் உட்கார்ந்து பாட்டுக் கேட்டு வெகுகாலம் ஆயிற்று. சாமி மேல் கோபமெல்லாம் இல்லை. பேங்க்கில் கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலை ஞாயிற்றுக்கிழமைதான் நடக்கும், கிளைகள் மூடியிருக்கும் நாள் அதுதான். ஒன்பது வருஷ ஞாயிறுகள் அப்படிப் போயின. வேலையை விட்டபிறகும் கால் அந்தப் பக்கம் திரும்பவில்லை. லுபோவா டவுனில் டிரம்ஸ் அடித்துப் பாடுகிற வேறொரு சபைக்குப் போகிறவன். ஆக, பாட்டுப் புத்தக ஆப்பைச் செய்த இருவருக்கும் அந்தப் புத்தகம் எப்படிப் பாடப்படுகிறது என்று நேரில் தெரியாது.

பாட்டுகளை ஆப்பில் ஏற்றியது ப்ராஸ்கோவியா. நானூற்றுப் பன்னிரண்டு பாட்டு. பழைய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரல் இரண்டால் போனில் தட்டித் தட்டி ஒன்றரை வருஷத்தில் ஏற்றினார். கம்பெனியும் அவர் பெயரில்தான். பேங்க் ஊழியர்கள் தனியாகத் தொழில் நடத்தக் கூடாது என்று விதி இருந்ததால் நபோசா அன்று அப்படிப் பதிவு செய்தாள். பிறகு மாற்றவில்லை.

பயிற்சிக்குப் பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். நபோசா உள்ளே நுழைந்ததும் பேச்சு கொஞ்சம் குறைந்தது. ப்ராஸ்கோவியா தலை நிமிரவில்லை.

கனத்த பாஸ் குரலில் பாடுகிற எரியாசாபு மட்டும் நகர்ந்து இடம் கொடுத்தார். செங்கல் சூளை வைத்திருக்கிறவர், கை முழுக்கச் செம்மண் காய்ப்பு.

"வா மகளே. புதுசா ஏதாவது கத்தப் போகுதா?"

"இல்லை மாமா. கத்தாம இருக்குமான்னு பாக்கத்தான் வந்தேன்."

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். போன வாரம் வரைக்கும் காலைல ஐந்நூறு ஷில்லிங்குக்கு டேட்டா பண்டில் போட்டேன். உன் புத்தகத்தை ரெண்டு தடவை தொறந்ததும் தீந்து போச்சு. பாட்டு அவ்வளவு கனமா?"

"பாட்டு இல்ல மாமா. விளம்பர வீடியோ முன்கூட்டியே எறங்கி உள்ள உக்காந்துக்கிச்சு. உங்க பண்டில்ல."

"என் காசுல அவன் பந்து ஆடினானா?" எரியாசாபு நம்ப முடியாமல் போனைப் பார்த்தார்.

நபோசா நோட்டில் குவிக்ஃபில் பெயருக்கு நேராக இன்னொரு கோடு போட்டாள். ஜிராணி போட்ட போனை அவர் கையில் கொடுத்தாள்.

பாட்டு தொடங்கியது. நூற்று எழுபத்திரண்டாம் பாட்டு, நான்கு சரணம். ஆப்பில் ஒரு சரணத்துக்கு ஒரு பக்கம். நபோசா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் சரணம் நாற்பது விநாடி. இரண்டாவதும் நாற்பது. கணக்கு சரியாக வந்ததில் அவளுக்கு உள்ளூர ஒரு திருப்தி.

ஏனென்றால் முழுத்திரை விளம்பரத்துக்கு இடம் குறித்தது அவள்தான். நெட்வொர்க் எதுவாக இருந்தாலும், எப்போது காட்டுவது என்பது ஆப் சொல்ல வேண்டியது. நடுவில் குறுக்கே விழுந்தால் ஜனங்கள் ஆப்பையே தூக்கிப் போட்டுவிடுவார்கள். இளைப்பாறுகிற இடத்தில் வர வேண்டும். அதற்காக நாற்பதாயிரம் பேர் ஆப்பைப் புரட்டுகிற நேரத்தை எடுத்துப் பார்த்தாள். ஞாயிறுதோறும் எல்லோரும் திறக்கிற இந்தப் பாட்டில், மற்றச் சரணங்களில் நாற்பது விநாடி நிற்கிறவர்கள், மூன்றாம் சரணத்தில் மட்டும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்கிறார்கள். நடுவில் ஆர்மோனியம் வாசிப்பார்கள் போலிருக்கிறது, சும்மா இருக்கிற நேரம் என்று முடிவு செய்தாள். அதன் மூன்றாம் சரணத்தில் ஒரு நிமிஷம் யாரும் திரையைத் தொடாவிட்டால் விளம்பரத்தைக் காட்டு என்று எழுதிவைத்தாள். நல்ல இடம் பிடித்தோம் என்று பெருமை வேறு.

மூன்றாம் சரணம் முடிந்தது. ஆர்மோனியம் நின்றது.

பதினெட்டுப் பேரும் போனைப் பெஞ்சின்மேல் வைத்தார்கள். முட்டி போட்டார்கள்.

 ஜன்னலுக்கு வெளியே ஒரு பைக் மேட்டில் ஏறிப் போவது மட்டும் கேட்டது. ப்ராஸ்கோவியாவின் உதடு அசைந்தது. இருபது விநாடி போனதும் பெஞ்சின்மேல் எரியாசாபு வைத்திருந்த போனில் சத்தமில்லாமல் ஒரு தண்ணீர்த் தொட்டி வந்தது. நபோசா அதைக் கையால் மூடினாள். 

எல்லோரும் எழுந்து கடைசிச் சரணத்தைப் பாடினார்கள்.

"மாமா, நடுவுல ஏன் முட்டி போட்டீங்க?" என்று பாட்டு முடிந்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"உனக்குத் தெரியாதா?" எரியாசாபு வியந்தார். "இந்தப் பாட்டுக்கு ஊரடங்குக்கு அப்புறம் வந்த வழக்கம். அந்த வருஷம் சாவுக்குப் பாடகர் குழுவை விடலையே. பாட்டில்லாமப் பொதைச்சோமே, அவங்களுக்காக. கடைசிச் சரணத்தை அவங்க பேருக்குப் பாடுறது. அதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் முட்டி போட்டு, அவங்கவங்க ஆளை நெனச்சுக்கிறது. இந்தப் பக்கத்துச் சபை எல்லாத்துலயும் இருக்கு."

நபோசாவின் அப்பா அந்த வருஷம்தான் போனார். ஒன்பது பேர் நின்று மண் போட்டார்கள். முப்பது வருஷம் அதே சர்ச்சில் டெனர் குரலில் பாடியவருக்கு ஒரு வரி பாட யாரும் இல்லை. அம்மா முகத்தில் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு வெறுமனே நின்றதை நபோசா பார்த்திருக்கிறாள்.

ஞாயிறுதோறும் அம்மா அந்த இரண்டு நிமிஷத்தை அப்பாவுக்காக வைத்திருந்தார். அதைத்தான் அவள் சும்மா இருக்கிற நேரம் என்று கணக்கில் எழுதினாள். அந்த இடத்தைத்தான் விற்றாள். ஆறு நாளாகத் தம்பியைத் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அவள் எழுந்து நின்றாள். பேசிப் பழக்கமில்லாத இடம். 

"ஒண்ணு சொல்லணும். போன ஞாயிறு அந்த விளம்பரம் ஜெபத்துல வந்தது நெட்வொர்க் செஞ்ச தப்புன்னு சொல்லிட்டு இருந்தேன். தப்பு என்னுது. அந்த இடத்தைக் குறிச்சது நான். மூணாவது சரணத்துல நீங்க ரொம்ப நேரம் நிக்கிறீங்கன்னு கணக்குல பார்த்தேன். எதுக்கு நிக்கிறீங்கன்னு யாரையும் கேக்கலை."



"கேட்டிருந்தா சொல்லியிருப்போமே," என்றார் எரியாசாபு. கடுமையாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் சுருக்கென்று இருந்தது.

பின்வரிசையில் ஒரு அம்மாள், பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர், கையைத் தூக்கினார். "விளம்பரமே வேண்டாம்னு யாரும் சொல்லலையே. எங்க நாற்காலிக்குக்கூடப் போடலாம். இடத்தை மாத்து, அவ்வளவுதான்."

"அறிவிப்பு வாசிக்கிறப்பப் போடு," என்றார் எரியாசாபு உடனே. "கடைசிப் பாட்டு முடிஞ்சதும் செயலாளர் எழுந்து அரை மணி நேரம் வாசிப்பார். எல்லாரும் போனைத்தான் நோண்டிட்டு இருப்போம். அப்பப் பந்து வந்தாலும்..."

ப்ராஸ்கோவியா அவரைத் திரும்பிப் பார்த்தார். எரியாசாபு பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"இருநூத்தி அஞ்சாம் பாட்டு," என்றார் ப்ராஸ்கோவியா பாடகர் குழுவிடம். மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் பயிற்சி முடிந்து வெளியே வந்தபோது, படியில் நின்ற நபோசாவின் கையில் தன் பையைக் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார். பையில் பாட்டுப் புத்தகமும் குடையும் இருந்தன. ஒன்றும் பெரிய கனமில்லை. மேட்டிலிருந்து வீடு வரைக்கும் நபோசா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

*

வீட்டில் லுபோவா தேநீர் போட்டு வைத்திருந்தான். அதுவே ஒரு அதிசயம். வாசலில் அம்மாவும் அக்காவும் சேர்ந்து வருவதைப் பார்த்து எழுந்து நின்றான்.

நபோசா பையைக்கூட இறக்கவில்லை.

"லுபோவா, மன்னிச்சுக்கடா. போன ஞாயிறு நடந்தது உன் தப்பு இல்ல. அந்த இடத்தை வெச்சது நான். ஆறு நாளா உன்னைப் போட்டு வறுத்து எடுத்துட்டேன்."

அவன் சண்டைக்குத் தயாராக இருந்தான். மன்னிப்புக்குத் தயாராக இல்லை. முகம் எப்படியோ ஆயிற்று.

"இடத்தை மாத்திடுறேன்," என்று அவள் தொடர்ந்தாள். "கடைசிப் பாட்டு முடிஞ்சு, அறிவிப்பு நேரம். ஜிராணி முதல்ல, பெரிய கம்பெனி அடுத்தது. டவுன்ல பந்தல் போடுறவங்க, நாற்காலி விடுறவங்கள எல்லாம் நீ போய்ப் பேசி ஜிராணியில விளம்பரம் போட வை. உன் வாய்க்கு அது ஒரு வேலையே இல்ல. திங்கக்கிழமை காலைல பேங்க்குக்கு வரலைன்னு எழுதிடலாம்னு இருக்கேன்."

"எழுதிடாத அக்கா."

"ஏன்?"

லுபோவா சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதங்களை எடுத்து மேசையில் வைத்தான். மேலே குவிக்ஃபில்லின் பச்சை முத்திரை.

"ஆறு மாச ஒப்பந்தம். நாளைக்குக் காலைல எட்டு மணிலருந்து. முழுத்திரை விளம்பரம் வேற யார்கிட்டயும் வாங்கக் கூடாது. எந்த வகையையும் தடுக்கக் கூடாது."

நபோசா நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையில் அவன் கரண்டியை வைத்தது இப்போது புரிந்தது.

"எப்ப செஞ்ச?"

"வியாழக்கிழமை. புதன்கிழமை நீ பேங்க்குக்குச் சரின்னு ஒரு லெட்டர் அடிச்சு வெச்சிருந்தியே, பிரிண்டர் பக்கத்துல. அதைப் பார்த்தேன்." அவன் குரல் இறங்கிவிட்டது. "நீ மொரோட்டோ போயிடுவன்னு பயந்துட்டேன். அப்பா போனாரு. நீயும் போயிட்டா இந்த வீட்டுல நானும் பேசாத அம்மாவுந்தான். இதைப் போட்டா பணம் வரும், நீ இருப்பன்னு நெனச்சேன். நீயாவே குவிக்ஃபில்தான்னு சொல்லிட்டா இந்தக் காகிதத்தைக் காட்டவே வேண்டாம்னு காலைலருந்து பார்த்தேன்."

அவள் அவனைத் திட்டத்தான் நினைத்தாள். முடியவில்லை. அந்தக் கடிதத்தை அவள் அடித்தது உண்மை. அனுப்ப மனமில்லாமல் வைத்திருந்தது மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

பிறகு ஒன்று உறைத்தது. "உன் கையெழுத்து செல்லாதே. கம்பெனி அம்மா பேருல இருக்கு."

லுபோவா தரையைப் பார்த்தான்.

"அம்மாதான் போட்டாங்க. பின்கட்டுல கடலை இடிச்சுட்டு இருந்தாங்க. பேப்பரை முன்னாடி வெச்சேன், பேனாவைக் குடுத்தேன். என்னன்னு கேப்பாங்கன்னு பார்த்தேன். கேக்கலை. நம்மகூடப் பேசுறதில்லையே. கையைத் துடைச்சுட்டுப் போட்டுட்டாங்க."

ப்ராஸ்கோவியா இன்னும் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். இப்போது உள்ளே வந்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒப்பந்தத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். பாட்டு ஏற்றுகிறபோது படிப்பாரே அப்படி, ஒவ்வொரு வரிக்கும் விரல் வைத்து. தேநீரில் ஆடை படிந்தது. நான்காம் பக்கத்தின் அடியில் அவர் விரல் நின்றது. அழகான, நிதானமான கையெழுத்து. ஓரத்தில் கடலை எண்ணெய்க் கறை.

ஆறு நாளில் முதல் தடவையாக அவர் பிள்ளைகளிடம் வாயைத் திறந்தார்.

"அந்தப் பந்தயக்காரனுக்குக் கதவைத் திறந்துவிட்டது நானா?"

"அம்மா, நீங்க படிக்கலை..." என்று ஆரம்பித்தான் லுபோவா.

"படிக்கலை. கேக்கவும் இல்லை. உங்களுக்குப் புத்தி வரட்டும்னு வாயை மூடிட்டு இருந்தேன்." அவர் உட்கார்ந்தார். சட்டென்று வயசானவராகத் தெரிந்தார். "உங்க அப்பாவுக்காகத்தான் அந்தக் கோபம். அந்த நேரத்துல அவரை நெனச்சிட்டு இருந்தேன். அதை உங்ககிட்டச் சொல்லியிருக்கணும். சொல்லலை."

நபோசா போனை எடுத்தாள். ஆப்பின் கட்டுப்பாட்டுப் பக்கத்தைத் திறந்தாள். முழுத்திரை விளம்பரம் என்ற பொத்தான், போன ஞாயிறு அவள் அணைத்ததிலிருந்து அணைந்தே கிடந்தது. நாளைக் காலை எட்டு மணிக்கு அதைத் திறக்க வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம். அவள் அதன்மேல் விரலை வைத்து அம்மாவைப் பார்த்தாள்.

"திறக்காத," என்றார் ப்ராஸ்கோவியா.

"திறக்கலைன்னா நாம ஒப்பந்தத்தை மீறினதா ஆகும்மா. கையெழுத்து உங்களுது. கேள்வி உங்களைத்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும். அவங்க ஆபீஸ் எங்க இருக்கு?"

"கம்பாலாவுல, நகாசெரோல," என்றான் லுபோவா.

"எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"

"திங்கக்கிழமை ஒம்பதுக்கு."

நபோசா மேசையில் கிடந்த பேங்க் கடிதத்தைத் தொட்டாள். "அம்மா, அதே ஒம்பது மணிக்குத்தான் நான் இவங்களுக்குப் பதில் சொல்லணும். அங்க காரியம் நடக்கலைன்னா எனக்கு வேலை, ஆப் ரெண்டும் போயிடும்."

ப்ராஸ்கோவியா அந்தக் கடிதத்தை எடுத்து, படிக்காமல், பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்து மூடினார். எந்தப் பாட்டின் பக்கத்தில் என்று பார்க்கவில்லை. ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ஒப்பந்தத்தை நாலாக மடித்துத் தன் பையில் போட்டார்.

"திங்கக்கிழமை காலைல ரெண்டு பேரும் என்கூட வாங்க," என்றார். "ஆறு நாளா உங்ககிட்டப் பேசாம வெச்சிருக்கேனே, அத்தனையையும் அங்க போய்ப் பேசணும்."